தஞ்சாவூரில் வாங்கிய முப்பது மாத்திரைகள்

திருச்சி விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றி வரும் பட்டை நின்றபோது அதன்மேல் மிச்சம் இருந்தது கயிறு கட்டிய ஓர் அட்டைப்பெட்டி மட்டும். அது என்னுடையது அல்ல. என் நீலப் பெட்டி வரவில்லை. விமான நிறுவனத்துப் பெண் ஊழியர் ஒரு படிவத்தை நீட்டி, உள்ளே என்னென்ன இருந்தன என்று எழுதச் சொன்னார். துணி, சாக்லேட், அண்ணிக்கு ஒரு கைப்பை, அண்ணன் மகளுக்கு ஒரு மழைக்கோட்டு என்று எழுதினேன். மருந்து ஏதாவது இருந்ததா என்று அவரே கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

இருந்தது. நான் அயர்லாந்தில் கார்க் என்ற ஊரில் ஓர் இந்திய உணவகத்தில் சமையல்காரன். ஐந்து வருடமாக எச்.ஐ.வி.க்குத் தினம் காலையில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். வரும் வழியில் விமானம் மாற வேண்டியிருந்த வளைகுடா நாட்டில்தான் முன்பு ஆறு வருடம் வேலை பார்த்தேன். ரத்தத்தில் இது இருக்கிறது என்று தெரிந்தால் அங்கே வேலையில் வைத்திருக்க மாட்டார்கள், ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். இடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவனை யாரும் எதுவும் செய்யப்போவதில்லை என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் கைப்பையைத் திறந்து இது என்ன என்று எவனாவது கேட்டுவிடுவான் என்ற பயத்தில் மாத்திரை டப்பாவைப் பெரிய பெட்டியின் அடியில், சாம்பார்பொடி டின்னுக்குள் மறைத்து வைத்திருந்தேன். பெட்டியோடு அதுவும் போயிற்று.

அண்ணன் செல்வராசு வாடகைக் காரோடு வெளியே நின்றார். வந்த வேலை, அப்பா இறந்து மூன்று வருடமாகக் கூட்டாகவே கிடக்கும் நிலத்துக்குப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது. பத்து நாள் விடுப்பு. தஞ்சாவூர் சாலையில் ஒரு கடையில் நிறுத்தி, பொங்கலும் வடையும் வாங்கிக் கொடுத்தார். கார்க்கில் நான் நூறு பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு நின்றுகொண்டே ரொட்டியைக் கடித்து முடிப்பவன். அந்தப் பொங்கலின் மிளகு தொண்டையில் இறங்கியபோது ஒரு நிமிடம் பெட்டியை மறந்தேன். அண்ணன் ஆரம்பித்தார். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பெண் இருக்கிறதாம், முப்பத்தைந்து வயது, டீச்சர். உனக்கும் நாற்பது ஆகப் போகிறது என்றார். வருடா வருடம் தொலைபேசியில் கேட்கும் பேச்சுத்தான். நான் ஜன்னலுக்கு வெளியே அறுவடைக்கு நின்ற சம்பாவைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எனக்கு இந்த நோய் இருப்பதைத் தமிழில் சொன்னது ஒரே ஒருவர். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. கார்க் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் விடாத காய்ச்சலுக்காகச் சேர்ந்திருந்தபோது டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்து, மேசைமேல் தொலைபேசியை வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார். மொழிபெயர்ப்பவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். "அண்ணா, உங்களுக்கு எச்.ஐ.வி. தொற்று இருக்குதெண்டு டொக்டர் சொல்லுறா. மருந்து இருக்குதாம், வேலையை விடத் தேவையில்லையாம்" என்றார். டாக்டர் பேசி முடித்த பிறகும் அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. தேத்தண்ணி குடித்தீர்களா என்று கேட்டார். அது டாக்டர் கேட்ட கேள்வி இல்லை. நான் பதில் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு ஐந்து வருடம், அந்த வார்த்தையை நான் தமிழில் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

இரண்டாம் நாள் முழுக்க விமான நிறுவனத்துக்குப் போன் போட்டேன். நாளைக்கு வந்துவிடும் என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் சொன்னார்கள். சாயங்காலம் மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பட்டுக்கோட்டைக்குப் போனேன். எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே. ஒரத்தநாட்டு மருந்துக்கடைகளில் எல்லோருக்கும் எங்கள் வீட்டைத் தெரியும். பட்டுக்கோட்டையில் ஒரு கடைக்காரர் தாளைப் படித்தார், கூட்டம் கலையும்வரை என்னை நிறுத்தி வைத்தார்.

"யாருக்குங்க?"

நண்பருக்கு என்றேன்.

"ஆர்டர் போட்டா வர நாலஞ்சு நாளு ஆகும். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரில ஏ.ஆர்.டி. சென்டர் இருக்கு, அங்க சும்மாவே குடுப்பாங்க. நண்பர நாளைக்கே போகச் சொல்லுங்க. இதெல்லாம் நாளு விடக் கூடாது." தாளை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் அண்ணனிடம் கல்லூரி நண்பனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தஞ்சாவூர் பஸ் ஏறினேன். ஒரத்தநாடு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றது. நெல் அறுக்கும் மிஷினை ஏற்றி வந்த லாரி, சாலையோரம் காயப்போட்டிருந்த நெல்லைக் காப்பாற்ற ஒதுங்கப் போய் ஒரு சக்கரம் வாய்க்காலில் இறங்கி, குறுக்கே நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினோம். நெல்லுக்குச் சொந்தக்கார அம்மா லாரிக்காரரைத் திட்டுவதா, நெல்லை ஏறாமல் விட்டதற்கு நன்றி சொல்வதா என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தார். கார்க்கில் பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் நிறுத்தத்தில் நிற்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போனைப் பார்ப்பார்கள். இங்கே ஒரு மணி நேரத்தில் எனக்கு ஆறு பேரின் மூட்டுவலி தெரிந்துவிட்டது. "நீங்க எதுக்குத் தம்பி ஆஸ்பத்திரிக்கு?" என்று ஒருவர் கேட்டார். நான் அவரிடம் ஆஸ்பத்திரி என்று சொல்லவே இல்லை. கண்டக்டரிடம் பெரியாஸ்பத்திரிக்கு டிக்கெட் கேட்டது காதில் விழுந்திருக்கிறது. பல் என்றேன்.

நின்றிருந்த நேரத்தில் அமானுல்லாவை நினைத்தேன். இந்த நோயோடு எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அதிராம்பட்டினத்துக்காரன், வளைகுடாவில் என் அறைத் தோழன், கார் எலக்ட்ரீசியன். விசா புதுப்பிக்கும் பரிசோதனைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. நான்காம் நாள் ஊருக்கு ஏற்றிவிட்டார்கள் என்று தகவல் வந்தது. அறையில் இருந்தவர்கள் அவன் மெத்தையைத் தூக்கி வெளியே போட்டார்கள். அவனுடைய சோற்றுத் தட்டை, பெயர் பொறித்த எவர்சில்வர் தட்டு, குப்பையில் போட்டவன் நான். அவனும் நானும் ஆறு வருடம் மாற்றி மாற்றிச் சாப்பிட்ட தட்டு. ஊரிலிருந்து இரண்டு முறை போன் செய்தான். நான் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வரவில்லை. இறந்திருப்பான் என்று முடிவு செய்துகொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குள் அந்த அறைக்கு வழி கேட்காமல் போக முடியவில்லை. யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. முகக்கவசம் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு, அம்புக்குறிகளைப் பார்த்து இரண்டு முறை தப்பான கட்டடத்துக்குப் போய்க் கடைசியில் கண்டுபிடித்தேன். வாசலில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். கார்க் கிளினிக்கில் காத்திருக்கும் அறையில் மூன்று பேர் இருந்தால் மூன்று மூலைகளில் இருப்போம். நர்ஸ் நல்லவர், மழை விட்டுவிட்டதே என்று சொல்லிக்கொண்டு வலிக்காமல் ரத்தம் எடுப்பார். மருந்தைப் பெயர் இல்லாத காகிதப் பையில் போட்டுத் தருவார்கள். இங்கே வாசலில் பெண்கள் பூ கட்டுவதுபோல வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துத் திருப்பிவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதே மூச்சில், "எனக்கு இந்தத் தடவ சி.டி. ஃபோர் எழுநூறு" என்றார். பக்கத்தில் இருந்தவர் பரவாயில்லையே என்றார். ரத்தத்தில் நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை அது. விளைச்சல் சொல்வதுபோலச் சொன்னார்.

உள்ளே முதல் மேசையில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, நல்ல சதையும் லேசான தொப்பையுமாக அமானுல்லா உட்கார்ந்திருந்தான்.

இந்த இடத்தில் எனக்கு மகிழ்ச்சி வந்ததாகவும் கண் கலங்கியதாகவும் எழுதினால் நன்றாக இருக்கும். வந்தது பொறாமை. ஒரு கிழவர் அவன் மேசையில் கீரைக்கட்டு வைத்துவிட்டுப் போனார். ஒரு பெண் அவன் கையைப் பிடித்து, "பாய், பொண்ணு பத்தாவது பாஸ் பண்ணிட்டா" என்றாள். எல்லோரும் அவனைப் பெயர் சொல்லியோ பாய் என்றோ கூப்பிட்டார்கள். நான் யாரைச் செத்தவன் என்று எண்ணிப் பரிதாபப்பட்டு என் நிலைமையைத் தேற்றிக்கொண்டேனோ, அவன் என்னைவிட நன்றாக இருந்தான். என்னிடம் நல்ல நாடு இருந்தது, நல்ல டாக்டர் இருந்தார். இவனிடம் இவர்கள் எல்லாம் இருந்தார்கள்.

என் முறை வந்தது. முகக்கவசத்துக்கு மேலே கண்ணைப் பார்த்த உடனே அவனுக்குத் தெரிந்துவிட்டது. முகம் மாறவில்லை. "வாங்க சார், உட்காருங்க. புதுசா, ட்ரான்ஸ்பரா?" என்றான். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவன் வேலையின் விதி. அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அப்போது, பழிவாங்குகிறான் என்றே நினைத்தேன்.

கார்க் கிளினிக்கிலிருந்து மின்னஞ்சலில் வந்த கடிதத்தைக் காட்டினேன். பதிவு செய்ய இங்கேயும் ஒரு பரிசோதனை வேண்டும் என்று பக்கத்துக் கட்டடத்தில் இருந்த நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார்கள். விரலில் அல்ல, கையில் ஊசி. முடிவு வர ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் ஒரு முட்டாள்தனமான ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது. அயர்லாந்துக்காரர்கள் தப்பாகப் பார்த்திருந்தால், ரத்தக் குப்பி மாறிப்போயிருந்தால். ஐந்து வருடம் மாத்திரை சாப்பிட்டவன், படித்தவன், அங்கே அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஆலோசகர் அம்மா கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "உங்களுக்குத் தெரிஞ்சதுதான் சார். எச்.ஐ.வி. இருக்கு" என்றார். என் கண்ணைப் பார்த்து ஒரு மனிதர் தமிழில் சொன்னது அதுவே முதல் தடவை. அழுதுவிட்டேன். ஐந்து வருடம் கழித்து எதற்கு அழுகை என்று அவர் கேட்கவில்லை. மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

டாக்டர் கடிதத்தை முழுதாகப் படித்தார். விட்டுப்போன நாள் மூன்று என்றதும் பயப்பட வேண்டாம், இனி விடாதீர்கள் என்றார். முப்பது மாத்திரை உள்ள வெள்ளை டப்பா ஒன்று வந்தது. அயர்லாந்து மருந்து உசத்தி என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமை இருந்தது. டாக்டர், உள்ளே முக்கியமான மருந்து இரண்டிலும் ஒன்றுதான் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். அங்கேயே குழாயடியில் ஒன்றை விழுங்கினேன்.

மதியம் அமான் தனியாக வெளியே வந்து, மரத்தடி டீக்கடைக்குக் கூட்டிப்போனான். அங்கே போன பிறகுதான், "எப்படிடா இருக்க மாப்ள?" என்றான். எப்போது தெரிந்தது, யாருக்குத் தெரியும் என்று கேட்டான். யாருக்கும் இல்லை என்றேன். ஐந்து வருஷமாவா என்றான். அந்தக் குரலில் இருந்த பரிதாபத்தை என்னால் தாங்க முடியவில்லை. நான் அவனுக்காக வைத்திருந்த பரிதாபம் அது. மறுநாள் விடுமுறை, காலையில் பசியாற வீட்டுக்கு வா என்று சொல்லிவிட்டுப் போனான்.

அமான் ஊர்ப்பக்கம் காலை உணவைப் பசியாறுவது என்றுதான் சொல்வார்கள். நான்காம் நாள் அதிராம்பட்டினத்தில் அவன் வீட்டில் இடியாப்பமும் இறால் ஆணம் என்கிற குழம்பும். தேங்காய்ப்பால் தனியாக ஒரு கிண்ணத்தில். அவன் மனைவி ஜெரினா நாகப்பட்டினத்துப் பெண். முதல் கணவர் இந்த நோயில் இறந்தவர். மருந்து வாங்க வந்த இடத்தில் அமானைச் சந்தித்திருக்கிறாள். மகள் ஹனாவுக்கு ஐந்து வயது. கர்ப்பத்திலிருந்தே மருந்து சாப்பிட்டதால் குழந்தைக்கு வரவில்லை என்று ஜெரினா ஆணத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள், உப்புச் சரியா என்று கேட்கிற குரலில்.

எட்டு மணிக்கு அமானின் போனில் அலாரம் அடித்தது. குழந்தை எழுந்து போய் இரண்டு டப்பாக்களையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தது. பெற்றவர்கள் இருவரும் ஆளுக்கொன்று போட்டுக்கொண்டார்கள். குழந்தை என்னைப் பார்த்து, மாமாவுக்கு மாத்திரை இல்லையா என்று கேட்டது. நான் சட்டைப் பையிலிருந்து என்னுடையதை எடுத்தேன். கார்க்கில் கழிவறைக் கதவைத் தாழிட்டு, அறைத் தோழர்களுக்குச் சத்தம் கேட்காமல், உமிழ்நீரில் விழுங்குகிறவன் நான். இவன் பிள்ளை கொண்டுவந்த தண்ணீரில் சாப்பிடுகிறான். இடியாப்பம் எனக்கு அதற்கு மேல் இறங்கவில்லை. பயணக் களைப்பு என்றேன்.

அவனுக்கு எல்லாம் சுலபமாக வரவில்லை என்பதும் தெரியவந்தது. திரும்பி வந்த வருடம் காசநோயும் சேர்ந்து எலும்பும் தோலுமாகப் படுத்திருக்கிறான். காக்கா என்று அவன் கூப்பிடும் சொந்த அண்ணனே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாராம். தெருவில் இப்போதும் இரண்டு வீட்டில் இவர்கள் கொடுப்பதை வாங்குவதில்லை. இதையெல்லாம் கேட்டு எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். இவ்வளவு பட்ட பிறகும் இவ்வளவு இருக்கிறதே என்றுதான் தோன்றியது.

சனிக்கிழமை மருந்து சாப்பிடுகிறவர்களின் மாதக் கூட்டம் இருக்கிறது, நீ வந்து பேச வேண்டும் என்றான். பலருடைய வீட்டு ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், பயந்துபோய்ப் பரிசோதனையே செய்துகொள்வதில்லை, செய்துகொண்டவர்கள் மறைக்கிறார்கள், மருந்தும் கொடுத்து வேலையிலும் வைத்திருக்கிற நாடு உண்டு என்று நீ சொன்னால் எடுபடும் என்றான். முடியாது என்று பட்டென்று சொன்னேன். சரி என்று விட்டுவிட்டான். ஊர்வரை தன் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கினான்.

யாரோ பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்து கால் கழுவும்போது அண்ணன் கேட்டார்.

"யாரு வண்டில வந்த?"

நான் அடுத்த காலில் தண்ணீரை ஊற்றினேன்.

"அந்த அதிராம்பட்டினத்து பாய்தான? போன வருஷம் நம்மூர்ல மைக்கு வச்சுப் பேசுனான், எனக்கு எய்ட்ஸு கிருமி இருக்குன்னு அவனே சொன்னான்டா. அவன்கூட உனக்கு என்ன பழக்கம்?"

"வழில கை காட்டுனேன், நிறுத்துனாரு. யாருன்னே தெரியாதுண்ணே" என்றேன்.

அண்ணி உள்ளேயிருந்து வந்தார். கெட்ட மனசுக்காரர் இல்லை, எனக்காக விரால் மீன் வாங்கி வைத்திருந்தவர். "சட்டையத் தனியா ஊறப் போட்டுருங்க தம்பி" என்றார். நான் கழற்றி, வாளியில் டெட்டால் ஊற்றி ஊற வைத்தேன். குனிந்து அதை அமுக்கிக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. எல்லோருக்கும் அவனைப் பிடிக்கவில்லை. அந்தத் திருப்தியையும் இங்கே எழுதிவிடுகிறேன். அதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

ஐந்தாம் நாள் ஒரத்தநாட்டுப் பதிவு அலுவலகத்தில் பத்திரம் முடிந்தது. சிட்டாவில் ஒரு பெயர் எழுத்து மாறி இருந்ததால் பாதி நாள் அதற்கே போயிற்று. பெருவிரலை இயந்திரத்தில் வைக்கச் சொன்னார்கள். அடுப்பில் வெந்து வெந்து என் ரேகை தேய்ந்திருந்தது. நான்கு முறை துடைத்துத் துடைத்து வைத்த பிறகுதான் பதிந்தது. வாய்க்கால் பக்கத்துப் பங்கை அண்ணன் எனக்கு விட்டுக்கொடுத்திருந்தார். நாளைக்கு உனக்கும் பிள்ளைகுட்டி வரும், தண்ணீர் உள்ள பக்கம் உனக்கு இருக்கட்டும் என்றார். அவர் கொடுப்பது எனக்கா, நான் அல்லாத வேறு யாருக்கோவா என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை நான் தஞ்சாவூர் பஸ்ஸில் இருந்தேன். ஏன் போனேன் என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியாது. வாளியில் ஊறிய சட்டை ஒரு காரணம். ஒரு சிறிய கூடத்தில் பாய் விரித்து நாற்பது பேர். நான் கடைசி வரிசையில் சுவரோடு உட்கார்ந்தேன். அமான் பார்த்தான், தலையசைத்தான், அதோடு சரி. வேதாரண்யம் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள், பெயர் மாலதி. கணவன் வெளிநாட்டில், அங்கே பரிசோதனையில் வந்துவிட்டதாக ஒரே ஒரு செய்தி அனுப்பினானாம். வேலையை விட்டு எங்கோ ஒளிந்து இருக்கிறான், மருந்தும் இல்லை, ஊருக்கு வரவும் மாட்டேன் என்கிறான். இவளுக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அவனிடம் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்டாள்.

அமான் பதில் சொல்லத் தொடங்கினான். நன்றாகவே சொன்னான். நாற்பது பேரும் அவனையே பார்த்தார்கள். மாலதி அவன் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினாள். ஒளிந்திருப்பது எப்படி என்று இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். இவன் நான்கே நாளில் ஊருக்கு வந்தவன். ஐந்து வருடம் ஒளிந்திருந்தவன் நான். அந்த எண்ணத்தில்தான் எழுந்தேன். துணிச்சல் என்று பிறகு பலர் சொன்னார்கள். அது துணிச்சல் இல்லை, அவன் நின்ற இடத்தில் நான் நிற்க வேண்டும் என்ற ஆத்திரம்.

"எனக்கும் எச்.ஐ.வி. இருக்குங்க" என்றேன். என் குரலில், தமிழில். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பார்பொடி டின், கழிவறைத் தாழ்ப்பாள், தொலைபேசியில் கேட்ட குரல். மருந்து சாப்பிட்டால் கிருமி ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது, பிறகு யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் எனக்குச் சொன்னது. அது தெரிந்தும் நான் யாரையும் பக்கத்தில் விடாதது. அறைத் தோழன் ஒருவனின் தட்டைக் குப்பையில் போட்டதையும் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. அமான் தலையைக் குனிந்துகொண்டான்.

முடிந்ததும் மாலதி போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, கணவனிடம் இரண்டு வார்த்தை பேசுவீர்களா என்றாள். மூன்றாவது அழைப்பில் எடுத்தான். நான் என்ன சொன்னாலும் ம் என்றான். சாப்பிட்டாயா என்று கேட்டேன். அதற்கு மட்டும் இல்லை என்றான். மெதுவாகப் பேச்சு வந்தது. கடைசியில், ஊருக்கு வந்தால் மருந்து நிச்சயம் கிடைக்குமா என்று கேட்டான். என் கையில் இருக்கிற டப்பா தஞ்சாவூரில் வாங்கியது என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்தபோது மாலதி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போய்ப் பேசினாள்.

வாசலில் அமான் நின்றான். "அந்தத் தட்டு என்னோடதா?" என்றான். ஆமாம் என்றேன். போன் எடுக்காததைத்தான் மறக்க முடியவில்லை, தட்டு போனால் போகிறது என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று, கிளம்பு என்றான்.

நாற்பது பேர் முன்னால் சொன்னது ஊருக்கு வர எத்தனை நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனோடு வண்டியில் வாய்க்கால் பக்கத்து வயலைப் பார்க்கப் போனேன். அறுத்த நெல்தாளின் வாசனை. வரப்பில் நின்றபோது சொன்னேன். அமான் யார், வண்டியில் ஏன் ஏறினேன், கல்யாணம் ஏன் வேண்டாம் என்கிறேன். அண்ணன் வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார். நான் நடந்து வந்தேன். மதியம் அவர் சாப்பிட வரவில்லை. அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. அண்ணி எனக்கு எப்போதும்போல் இலையில்தான் போட்டார். அண்ணன் அவரிடம் சொன்னாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பெட்டி ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்தது. அண்ணியிடம் கைப்பையைக் கொடுத்தேன். வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். பிரித்துப் பார்ப்பதை நான் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் அதே வாடகைக் கார். தஞ்சாவூர் தாண்டும்வரை அண்ணன் முன் இருக்கையில் டிரைவரோடு உர விலை பேசிக்கொண்டு வந்தார். விமான நிலைய வாசலில் பெட்டியை இறக்கி வைத்தார். உள்ளே போகத் திரும்பினேன்.

"அந்த பாய் நம்பர் இருக்கா?" என்றார்.

எதற்கு என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலடா. யாரயாச்சும் கேக்கணும்ல."

என்னிடம் கேளுங்கள் அண்ணே என்று சொல்ல வாய் வந்தது. அவர் போனை நீட்டிக்கொண்டு நின்றார். எண்ணைப் போட்டுக் கொடுத்தேன்.

உள்ளே வரிசை நீளமாக இருந்தது. கண்ணாடிக்கு வெளியே அண்ணன் காருக்குப் போகாமல் தூண் ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. முதலில் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பேசினார், கையை ஆட்டி ஆட்டி, நிறுத்தாமல். இந்தப் பத்து நாளில், ஏன், இத்தனை வருடத்தில், அவர் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியதில்லை. நடுவில் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். அவரால் அமானிடம் அழ முடிகிறது. எனக்கு வயிறு எரிந்தது. வரிசை நகர்ந்தது, பின்னால் இருந்தவர் போங்க சார் என்றார். போங்க, பரவாயில்லை என்று அவருக்கு வழிவிட்டு, அண்ணன் பேசி முடிக்கும்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.